பி.டி.ஓ. லிவர் இறுகினால்: பெட்டியைப் பிரிப்பதற்கு முன்

தை மாதம், மாமரம் பூவெடுத்து நிற்கும் நேரம். காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பு. தத்துப்பூச்சிக்கு மருந்து கலக்கி டேங்கை நிரப்பியாயிற்று. ஆள் இரண்டு பேர் ஸ்பிரே கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். டிராக்டர் என்ஜினின் ஓட்டத்தைப் பின்னால் இருக்கும் ஷாஃப்ட் வழியாகக் கருவிக்குக் கொடுப்பது பி.டி.ஓ.; அதைப் போட்டு எடுக்கும் லிவர் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கலக்கிய மருந்தை மறுநாளைக்கு வைத்து அடிக்க முடியாது. இழுத்துப் பார்த்தேன், காலால் உதைத்துப் பார்த்தேன், கடைசியில் வண்டியை ஒரு பட்டறைக்கு ஓட்டிப் போனேன். பின்பக்கம் கியர் பெட்டியைப் பிரித்தார்கள், ஆயிலை வடித்தார்கள், ஐந்து நாள் கழித்து "உள்ளே எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று மூடிக் கொடுத்தார்கள். கூலி, பேக்கிங், புது ஆயில் எல்லாவற்றுக்கும் பணம் கட்டினேன். லிவர் அப்படியேதான் இருந்தது.

அப்புறம் ஊரில் இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவர் வந்தார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு ஒரு ஸ்பிளிட் பின்னைக் கழற்றினார். ராடு தனியாக வந்துவிட்டது. பெட்டிப் பக்கம் இருந்த ஆர்மை இரண்டு விரலால் ஆட்டினார். டக் டக்கென்று போய் வந்தது. லிவரை ஆட்டினார், நட்ட கல் மாதிரி நின்றது. "தம்பி, நோவு இங்க இருக்குது, ஆபரேஷனை அங்க பண்ணிட்டு வந்திருக்கீங்க" என்றார்.

அன்றிலிருந்து லிவர் மக்கர் பண்ணுகிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: ராடைக் கழற்றிப் பார்த்தீர்களா?

எந்த வகை வண்டி

20 முதல் 30 எச்.பி. வரையான மினி டிராக்டர்களில் பெரும்பாலும் கையால் போடும் லிவர்தான். லிவரிலிருந்து ஒரு ராடோ கேபிளோ கிளம்பி, பெட்டியின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிக் கைக்குப் போகும். அதைத்தான் ஷிஃப்டர் ஆர்ம் என்பார்கள். அந்த ஆர்ம் உள்ளே ஒரு ஃபோர்க்கைத் தள்ளும். ஃபோர்க், பல் வைத்த ஒரு காலரை நகர்த்தும். காலர் கியரோடு கோத்துக்கொண்டதும் பின்னால் ஆறு பள்ளம் வெட்டிய 35 மி.மீ. ஷாஃப்ட் சுற்றத் தொடங்கும். ஆக, உங்கள் கைக்கும் காலருக்கும் நடுவே ஐந்தாறு மூட்டுகள் இருக்கின்றன. எந்த மூட்டு பிடித்தாலும் உங்கள் கைக்கு ஒரே மாதிரிதான் தெரியும். குழப்பமே அங்கேதான்.

கிளட்ச்சையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கிள் கிளட்ச் வண்டியில் பெடலை மிதித்தால் சக்கரம், பி.டி.ஓ. இரண்டுக்கும் போகும் என்ஜின் ஓட்டம் ஒன்றாக அறுபடும். டபுள் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும், பி.டி.ஓ. அறுபடப் பெடல் அடிவரைக்கும் போக வேண்டும். டபுள் கிளட்ச் வண்டியை வாங்கிவிட்டுப் பாதி மிதியிலேயே லிவரோடு மல்லுக்கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் எந்தப் பழுதும் இருக்காது.

கையை விடுவதற்கு முன்

பி.டி.ஓ. ஷாஃப்டுக்குச் சொல்லும் 540 சுற்று என்பது ஒரு நிமிடத்துக்கு. அதாவது ஒரு விநாடிக்கு 9 சுற்று. துண்டின் நுனி மாட்டியது என்று மூளைக்குத் தெரிவதற்குள் துண்டு முழுவதும் சுற்றியிருக்கும், கூடவே ஆளும். ஆகவே என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்த பிறகுதான் சீட்டுக்கு அடியில் கை போக வேண்டும். பின்னால் மாட்டிய கருவியைத் தரையில் இறக்கி வையுங்கள். வேலைக்காகத் தூக்கியே வைக்க வேண்டியிருந்தால் அடியில் கட்டை கொடுங்கள். ஹைட்ராலிக்கை நம்பி அடியில் போகக் கூடாது. தோளில் துண்டு, கழுத்தில் கயிறு, மடித்துக் கட்டாத லுங்கி எதுவும் வேண்டாம். கீழே சில இடங்களில் என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்போது நீங்கள் சீட்டில்தான் இருக்க வேண்டும். பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

ராடைக் கழற்றிப் பார்ப்பது

ஷிஃப்டர் ஆர்மோடு ராடு சேரும் இடத்தில் ஒரு பின்னும், அது நழுவாமல் இருக்க ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். கட்டிங் பிளேயரால் ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி இழுத்துவிட்டு, பெரிய பின்னைத் தட்டி எடுங்கள். மரை போட்ட ராடாக இருந்தால், கழற்றுவதற்கு முன் மரை எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அல்லது போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் கழற்றிவிட்டு, மாட்டும்போது ஒரு சுற்று கூடக்குறைய ஆகி, அதனால் புதிதாக ஒரு கோளாறை வரவழைத்துக்கொள்வது நம் ஊரில் சகஜம்.

இப்போது இரண்டையும் தனித்தனியாக ஆட்டுங்கள். லிவர் லேசாகவும் ஆர்ம் இறுக்கமாகவும் இருந்தால் கோளாறு பெட்டிப் பக்கம். லிவர் இறுக்கம், ஆர்ம் லேசு என்றால் வெளியே. இரண்டுமே லேசு என்றால் நிற்கும்போது கோளாறு இல்லை, ஓடும்போதுதான் பிடிக்கிறது. அது பெரும்பாலும் கிளட்ச், அல்லது கருவியின் பாரம்.

ஒரு எச்சரிக்கை. ஆர்மை நியூட்ரலிலிருந்து தள்ளும்போது பாதியில் டொக்கென்று நிற்கலாம். உள்ளே பல்லும் பல்லும் முட்டிக்கொண்டு நிற்கிறது, அது பழுதல்ல. பின்னால் ஷாஃப்டைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி தள்ளினால் போய் விழும். டொக்கென்று நிற்பது வேறு, வழி முழுக்க இழுத்துப் பிடிப்பது வேறு. கைக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

லிவர் எப்போதுமே இறுக்கம், என்ஜின் நின்றிருந்தாலும்

என் வண்டிக்கு வந்தது இதுதான். நம் பக்கம் மாந்தோப்பு வண்டிகளுக்கு அதிகம் வருவதும் இதுதான், அதற்குக் காரணமும் இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டியை வாட்டர் சர்வீஸ் விடுகிறோம். பிரஷர் தண்ணீர் மண்ணை மட்டும் எடுப்பதில்லை. லிவர் சுழலும் பின்னில் இருந்த கிரீஸையும் கழுவிக்கொண்டு போகிறது, அந்த இடத்தில் தண்ணீர் போய் உட்கார்ந்துகொள்கிறது. சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு வண்டியை நிறுத்துகிறோம். அடுத்து வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் கல்டிவேட்டர் மட்டும்தான் ஓடுகிறது, அதற்கு பி.டி.ஓ. வேண்டாம், ஆகவே லிவரை யாரும் தொடுவதில்லை. பூவெடுத்து மருந்தடிக்கப் போகும்போது தொட்டால், பின்னும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷும் துருவால் ஒன்றாகியிருக்கும்.

இது போதாதென்று இன்னொன்று. பூவெடுத்த மாமரத்தடியில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். தத்துப்பூச்சி சுரக்கும் தேன் போன்ற பிசின் சீட்டிலும் பானட்டிலும் சொட்டும். அதன்மேல் செம்மண் புழுதி படியும், அப்புறம் கரும்பூசணம் பிடிக்கும். காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஆகிவிடுகிறது. கந்தகத் தூள் கரைத்து அடிக்கிறவர்கள் வண்டியில் அந்தச் சாரலும் சேர்ந்து இரும்பைத் தின்னும். சாம்பல் நோய்க்கு மருந்தடித்த வண்டி எது என்று லிவர் அடியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

சரி, வழி என்ன? முதலில் பழைய பெயிண்ட் பிரஷ்ஷை டீசலில் தோய்த்து மூட்டுகளைச் சுற்றியிருக்கும் பிசினையும் மண்ணையும் கரைத்து எடுங்கள். டீசலோடு நிறுத்திவிடாதீர்கள். அது அழுக்கை எடுக்கும், ஆனால் காய்ந்ததும் மறுபடி புழுதியை இழுக்கும். பழைய என்ஜின் ஆயிலை ஊற்றுவது அதைவிட மோசம்; நாலே நாளில் கருஞ்சாந்தாகிவிடும். துருநீக்கும் ஸ்பிரேயைப் பின்னின் இரண்டு முனையிலும் அடித்துவிட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் லிவரைப் பிடித்து, போகிற அளவுக்கு மட்டும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அரை இஞ்ச் போகிறதா, போதும். மறுபடி ஸ்பிரே, மறுபடி ஆட்டம். இரண்டாம் நாள் விட்டுக்கொடுத்துவிடும். பைப்பை மாட்டி நெம்பாதீர்கள். லிவர் வளையும், அல்லது வெல்டிங் விடும்.

விட்டுக்கொடுத்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடக் கூடாது. பின்னை முழுவதுமாகக் கழற்றுங்கள். உப்புத்தாளால் பளபளவென்று தேயுங்கள். புஷ்ஷின் உள்பக்கத்தையும் உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்து, டீசலில் கழுவி, துணியால் துடைத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். பின்னில் படிக்கட்டு மாதிரி தேய்மானம் இருந்தால் புதுசு போடுங்கள். லேத் பட்டறையில் அரை மணி நேர வேலை. கிரீஸ் நிப்பிள் இருந்தால் பம்பு அடித்து, பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை ஏற்றுங்கள். என் வண்டியில் நிப்பிளே இல்லை. பெரும்பாலான சின்ன வண்டிகளில் லிவருக்கு இருப்பதில்லை. அதனால்தான் அந்த இடம் எல்லோருக்கும் மறந்துபோகிறது.

துரு இல்லை, ஆனாலும் இறுக்கம் என்றால் வளைவைப் பாருங்கள். மினி டிராக்டரில் லிவர் சீட்டின் ஓரத்தில், ஏறும்போது கால் படுகிற இடத்தில்தான் இருக்கும். சிலர் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவார்கள். மாங்காய் கிரேட்டை அதன்மேல் சாய்த்து வைக்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் வளைந்தால்கூட லிவர் அதன் காடியின் ஓரத்தில் உரசும். உரசிய இடத்தில் பெயிண்ட் போய் வெள்ளை இரும்பு தெரியும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், கழற்றி நிமிர்த்திவிடலாம்.

கேபிள் வண்டியாக இருந்தால் கேபிளின் இரண்டு முனையையும் கழற்றி, உள்கம்பியை இரண்டு விரலால் இழுத்துத் தள்ளுங்கள். சுலபமாகப் போக வேண்டும். போகவில்லை என்றால் உறை எங்காவது ஒடிந்து மடிந்திருக்கிறதா, சைலன்சர் பக்கம் உருகியிருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த கேபிளை ஆயில் விட்டு ஓட்டுவது இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கும். புதுக் கேபிள் மாட்டுங்கள். மாட்டும்போது பழைய வழியிலேயே, கூர்மையான வளைவு இல்லாமல் விடுங்கள்.

ஆர்ம்தான் இறுக்கம், லிவர் லேசு

இப்போது கோளாறு பெட்டியை ஒட்டி இருக்கிறது. அப்போதும் உடனே பிரிக்க வேண்டாம். ஆர்மின் தண்டு பெட்டிக்குள் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். உள்பக்கம் ஆயில் நனைத்துக்கொண்டிருக்கும், அங்கே துரு வராது. சீலுக்கு வெளியே இருக்கும் கால் இஞ்ச் மட்டும் மழையிலும் மண்ணிலும் கிடக்கும், பிடிப்பது அங்கேதான். சுத்தம் செய்து, துருநீக்கி அடித்து, ஆர்மை மெல்ல மெல்ல ஆட்டினால் பல வண்டிகளில் சரியாகிவிடும். சுத்தியால் தண்டின் முனையில் அடிக்கக் கூடாது. உள்ளே ஃபோர்க் வளைந்துவிடும். சரியான பிறகு அந்த இடத்தில் ஆயில் கசிந்தால் ஓ ரிங்கை மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொரு இடம், டிடென்ட். லிவர் போட்ட இடத்தில் நிற்பதற்காக உள்ளே ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் இருக்கும். சில மாடல்களில் அதை வெளியிலிருந்தே ஒரு போல்ட் அமுக்கிப் பிடித்திருக்கும். முன்பு யாராவது அந்தப் போல்ட்டைக் கழற்றி, வாஷர் இல்லாமலோ நீளமான வேறு போல்ட்டாலோ மாட்டியிருந்தால் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி ஆர்ம் நகராது. அந்த ஒரு போல்ட்டை இரண்டு சுற்று தளர்த்திவிட்டு ஆர்மை ஆட்டிப் பாருங்கள். லேசாகிவிட்டால் அதுதான். குண்டை வெளியே எடுப்பதானால் காந்தம் வைத்து எடுங்கள்; உள்ளே விழுந்தால் நானே உங்களைப் பட்டறைக்குத்தான் போகச் சொல்வேன். இந்த இரண்டு இடமும் சரியாக இருந்து, ஆர்ம் இன்னும் இறுகினால் ஃபோர்க் வளைந்திருக்கலாம், அல்லது காலரின் பல் ஓரம் பிசிறடித்திருக்கலாம். அதற்குப் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும்.

நிற்கும்போது லேசு, ஓடும்போது போகாது, கரகர சத்தம்

கிளட்ச் முழுதாக அறுபடவில்லை. என்ஜின் ஐடிலில் ஓடட்டும். பெடலை அடிவரை மிதித்து ஐந்து விநாடி பொறுங்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் கியர் நிற்க அந்த நேரம் வேண்டும். இப்போது போட்டுப் பாருங்கள். சத்தமில்லாமல் விழுந்தால் அவசரம்தான் காரணம். அப்போதும் கரகரவென்றால், அதேபோல மிதித்துப் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போட்டுப் பாருங்கள். அதுவும் கத்தினால் கிளட்ச் இழுக்கிறது என்பது உறுதி.

பெடலின் ஃப்ரீ பிளேயை, அதாவது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரத்தை, கையால் அமுக்கி அளந்து பாருங்கள். பல சின்ன வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ. வரை சொல்லியிருப்பார்கள்; உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதே கணக்கு. அதைவிட அதிகமாக இருந்தால் கிளட்ச் முழுதாக விடாது. கிளட்ச் ராடின் லாக் நட்டைத் தளர்த்தி, அரைச் சுற்று அரைச் சுற்றாகச் சரிசெய்யுங்கள். டபுள் கிளட்ச்சில் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்து பி.டி.ஓ. மட்டும் கத்தினால், இரண்டாவது கிளட்ச் தட்டை விடுவிக்கும் விரல்கள் அட்ஜஸ்ட் கேட்கின்றன என்று அர்த்தம். அதை வீட்டில் செய்யாதீர்கள்.

மழைக்காலம் முழுக்க நிறுத்திய வண்டியில் கிளட்ச் தட்டு ஃப்ளைவீலோடு துருவால் ஒட்டிக்கொள்வதும் உண்டு. பெடல் போகும், வண்டி அறுபடாது. நெடுநாள் நிறுத்துகிறவர்கள் பெடலை அமுக்கி, கட்டை கொடுத்து நிறுத்துவது இதற்காகத்தான். சில வண்டிகளில் அதற்கென்றே ஒரு கொக்கி வைத்திருக்கிறார்கள்.

போட்டது வெளியே வரமாட்டேன் என்கிறது

ரோட்டவேட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரிந்த கதை. கிருஷ்ணகிரி மண்ணில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. பிளேடு கல்லிலோ வேரிலோ மாட்டி நின்றுவிடும், என்ஜின் அணைந்துவிடும். அந்த முறுக்கம் ஷாஃப்டிலும் காலரிலும் அப்படியே நிற்கும். பல்லை இரண்டு பக்கமும் இறுக்கி அமுக்கிக்கொண்டிருக்கும்போது லிவரை இழுத்தால் வராது. வேகமாக இழுத்தால் ராடு வளையும், ஃபோர்க் வளையும். துருவுக்குக் கொடுத்த பொறுமை இங்கேயும் வேண்டும்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் ஆக்சிலேட்டரைக் குறைத்து, கருவியை மண்ணிலிருந்து சற்றே தூக்கி, பெடலை அடிவரை மிதித்து, ஷாஃப்ட் நிற்கும்வரை பொறுத்து இழுங்கள். வராவிட்டால் பெடலை ஒரு நூல் விட்டு மறுபடி மிதித்து இழுங்கள். என்ஜின் அணைந்து மாட்டிக்கொண்டால் சாவியை எடுத்துவிடுங்கள், கருவிக்கு அடியில் கட்டை கொடுங்கள். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து கிளட்ச்சை முழுதாக மிதித்துக்கொள்ளட்டும். இன்னொருவர் ரோட்டவேட்டர் பிளேடில் கடப்பாரை கொடுத்து, அது சுற்றும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் நெம்பட்டும். டொக்கென்று முறுக்கம் விடும் சத்தம் கேட்கும். அப்போது லிவர் ஒரு விரலுக்கு வரும்.

கல்லும் இல்லை வேரும் இல்லை, கருவியைத் தூக்கினாலே லிவர் இறுகுகிறது என்றால், வண்டியையும் கருவியையும் இணைக்கும் ஷாஃப்ட் நீளமாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரிய வண்டியின் ரோட்டவேட்டரை இரவல் வாங்கி மாட்டுகிறவர்களுக்கு வருவது. ஒன்றுக்குள் ஒன்று போகும் ஷாஃப்ட் முழுதாக மூடி, அதற்குமேல் வழியில்லாமல், வண்டியின் ஷாஃப்டைப் பெட்டிக்குள் தள்ளும். பேரிங் போவதற்கும் சீல் கசிவதற்கும் இதுவே ஆரம்பம். கருவியை மெல்ல ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் நேர்க்கோட்டில் வரும் உயரத்தில்தான் அது மிகவும் குட்டையாகும். அந்த நிலையிலும் உள்ளே 25 மி.மீ. இடைவெளியாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்குழாய், வெளிக்குழாய், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் ஒரே அளவு அறுத்து, பிசிறை அரம் போட்டு எடுத்து, கிரீஸ் தடவி மாட்டுங்கள். ஒரேயடியாக ரொம்ப அறுத்துவிடவும் கூடாது. நன்றாக நீண்டிருக்கும்போதும் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். இரவல் கருவியின் ஷாஃப்டை நீங்கள் அறுத்துவிட்டால் சொந்தக்காரரிடம் என்ன சொல்வது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். நான் தனியாக ஒரு ஷாஃப்ட் வாங்கிவிட்டேன்.

காலையில் இறுக்கம், வெயில் ஏறினால் சரியாகிறது

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியில் ரோஜாத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போகிறவர்கள் சொல்லும் கோளாறு இது. குளிரில் பெட்டி ஆயில் கெட்டியாகிறது. ஐந்து பத்து நிமிடம் என்ஜினை ஐடிலில் ஓடவிட்ட பிறகு போட்டால் சரியாகிறது என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் விட்ட டீ மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் லிவரின் ரப்பர் பூட் கிழிந்து மழைத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். சின்ன வண்டிகள் பலவற்றில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், ஆகவே லிஃப்டும் கெடும். முழுவதும் வடித்து, ஃபில்டரை மாற்றி, கையேட்டில் சொன்ன ஆயிலையே ஊற்றுங்கள். கடையில் இருக்கிறது என்று கெட்டியான கியர் ஆயிலை ஊற்றியவர்களுக்கும் இதே காலைக் கோளாறு வரும். ரப்பர் பூட்டை மாற்றாமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்கு மறுபடி டீதான்.

லிவர் லேசாகப் போகிறது, ஷாஃப்ட் சுற்றவில்லை

சீட்டுக்கு அடியில் பாருங்கள். ஸ்பிளிட் பின் விழுந்து ராடு தொங்கிக்கொண்டிருக்கும். ஆணியை வளைத்து மாட்டாதீர்கள், பத்து ரூபாய் பின் வாங்கிப் போடுங்கள். ராடு சரியாக இருந்தால் வேக லிவரைப் பாருங்கள். 540, 750 என்று இரண்டு வேகம் உள்ள வண்டிகளில் நடுவே நியூட்ரல் இருக்கும்; யாராவது முழங்காலால் இடித்து அங்கே தள்ளியிருப்பார்கள். சில வண்டிகளில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் நிலை ஒன்று இருக்கும். அதில் போட்டால் வண்டி நகர்ந்தால்தான் ஷாஃப்ட் சுற்றும். ஷாஃப்ட் சுற்றி, கருவி மட்டும் சுற்றவில்லை என்றால் பாரம் கூடினால் அறுவதற்கென்றே கருவியில் வைத்த ஷியர் போல்ட் அறுந்திருக்கும், லிவரை விட்டுவிடுங்கள். இவை எதுவும் இல்லையென்றால் உள்ளே ஃபோர்க்கின் பின் அறுந்திருக்கிறது. அது பட்டறை வேலை.

போட்டது தானாகக் கழன்றுவிடுகிறது

இறுக்கத்துக்கு எதிர்க் கோளாறு. பெரும்பாலும் இறுக்கத்தைச் சரிசெய்த கையோடு வருவது. ராடை மாட்டும்போது நீளம் குறைந்துபோய், காலர் பாதிப் பல்லில் மட்டும் கோத்திருக்கும். ராடைக் கழற்றி, ஆர்மை முழுதாகப் போட்ட நிலைக்குத் தள்ளி, லிவரையும் அதே நிலையில் வைத்து, பின் தானாகப் போய் உட்காரும் நீளத்துக்கு மரையைத் திருப்புங்கள். அப்படியும் கழன்றால் டிடென்ட் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஸ்பிரிங் புதுசு போட்டும் கழன்றால் காலர் பல் முனை தேய்ந்துவிட்டது. லிவரைக் கயிற்றால் சீட்டோடு கட்டி ஓட்டும் வித்தையை நானும் பார்த்திருக்கிறேன். ஆபத்தில் உடனே நிறுத்த வேண்டிய லிவர் அது.

நியூட்ரலில் வைத்தும் சுற்றுகிறது, அல்லது ஸ்டார்ட் ஆகவில்லை

காலையில் ஆயில் இழுப்பில் ஷாஃப்ட் மெல்லச் சுற்றி, சூடானதும் நின்றால் அது இயல்பு. நிறுத்திக் காட்டுகிறேன் என்று கையை வைக்காதீர்கள். வேகமாகச் சுற்றினால் ராடின் நீளம் தவறு, காலர் முழுதாக வெளியே வரவில்லை. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை என்றால், லிவர் நியூட்ரலுக்கு முழுதாக வராமல் அதன் அடியில் இருக்கும் சேஃப்டி ஸ்விட்சை அமுக்காமல் நிற்கலாம். லிவரை ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கிச் சேர்த்துவிடுவது நம் ஊர் வைத்தியம். அப்படிச் செய்த வண்டி பி.டி.ஓ. போட்ட நிலையிலேயே ஸ்டார்ட் ஆகும். பின்னால் ஆள் நிற்பது உங்களுக்குத் தெரியாது.

லிவருக்குப் பதில் ஸ்விட்சு உள்ள வண்டிகளில் ஆயில் அழுத்தத்தால் கிளட்ச் பிடிக்கிறது. அங்கே ஃபியூஸ், ஸ்விட்சின் ஒயர் முனை, ஆயில் அளவு, ஃபில்டர் இவற்றைப் பாருங்கள். அதற்குமேல் நம் கையில் இல்லை.

சரியான பிறகு ஓட்டிப் பார்ப்பது

கருவியை மாட்டாமல், ஷாஃப்ட் மூடியைப் போட்டு, என்ஜின் அணைந்த நிலையில் லிவரைப் பத்து முறை போட்டு எடுங்கள். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, ஐடிலில், கிளட்ச்சை மிதித்துப் பொறுத்து ஐந்து முறை. அதன்பிறகு கருவியை மாட்டி, தரையிலிருந்து சற்றே தூக்கி ஐந்து முறை. ஸ்பிளிட் பின்னின் இரண்டு காலும் விரிந்திருக்கிறதா என்று கடைசியாகக் கையால் தடவிப் பாருங்கள்.

நான் இப்போது மாதம் ஒருமுறை, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ஜினை அணைத்து வைத்து லிவரை நாலு தடவை போட்டு எடுக்கிறேன். வாட்டர் சர்வீஸ் விட்ட அன்றைக்கே பின்னைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கிறேன். பூவெடுக்கும் இரண்டு மாதமும் வண்டி புளிய மரத்தடியில் நிற்கிறது.